தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்ட கல்

அறுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம் என்று நினைவு. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே, பாலாற்றங்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இது நடந்தது. ஊர்ப் பெயரையும் இதில் வருகிறவர்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவர்களைக் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

நான் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவன். அரைக்க அரைக்கக் கல் வழவழப்பாகிவிடும். அப்புறம் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர மசியாது. உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி மறுபடியும் சொரசொரப்பாக்கிக் கொடுப்பது என் வேலை. இந்தத் தொழில் செய்கிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டு போவார்கள். எனக்கு அதற்கும் வாய் வராது. உளியைச் சுத்தியால் 'டிங் டிங்' என்று தட்டிக்கொண்டே போவேன். வேண்டியவர்கள் சத்தம் கேட்டு வெளியே வருவார்கள்.

என் வீடு நெசவாளர் தெருக்களுக்குப் பக்கத்தில். காலை வேளையில் அந்தத் தெருக்களில் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருப்பார்கள். கல்தூள் பறந்து அதில் படிந்தால் அவ்வளவுதான். "மத்தியானத்துக்கு மேல வாப்பா" என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். அதனால் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுக் கிராமங்களுக்குப் போய்விடுவது என் வழக்கம்.

அப்படிப் போனதுதான் நான் சொன்ன அந்த ஊர். அங்கே விவசாயம் பார்க்கும் ஒரு சமணக் குடும்பத்தின் வீட்டில் ஆட்டுக்கல்லும் அம்மியும் கொத்தக் கூப்பிட்டார்கள். கொல்லையில் உட்கார்ந்து ஆட்டுக்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தேன். யாரோ எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். நூல் புடவை, காலில் கான்வாஸ் ஷூ, தலையில் ஒரு துண்டு. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அவர் போகவில்லை. என் உளியிலிருந்து தெறித்து விழுந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்கார அம்மா கேணியடியிலிருந்து சொன்னார்: "பயப்படாதபா. மெட்ராஸ் காலேஜுல ஆராய்ச்சி பண்ற பொண்ணு. நம்ம வீட்டுல தான் தங்கிக்கினு இருக்குது. ஊருல எல்லாரும் நெல்லு மூட்ட தூக்கினா, இது கல்லு மூட்ட தூக்கும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கல்லைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம், ஒரு பக்கம் கூர்.

"இது தானா உடைஞ்சதா, யாராவது உடைச்சதா? பாத்துச் சொல்லுங்களேன்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் கல்லைப் பற்றிக் கேட்டால் எப்படியோ பேச்சு வந்துவிடும். "ஒடைச்சதுங்கம்மா" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"தானா ஒடையற கல்லு எங்க பலம் இல்லையோ அங்க விடும். இது அடிச்ச ஆளு நெனச்ச எடத்துல விட்டிருக்குது. அடி உழுந்த எடம் இது. இங்கருந்து தண்ணியில அலை போற மாதிரி போவுது பாருங்க."

அவர் அந்த அலையின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "இதைச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் காலேஜ்ல படிக்க வேண்டியிருந்தது, மேஸ்திரி" என்றார்.

என்னை அதற்கு முன் யாரும் மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. 'ஏம்பா', 'அம்மிக்காரே', இவ்வளவுதான் என் பெயர். வீட்டுக்கார அம்மா விடவில்லை. "அவன் மேஸ்திரியா? அடுத்த வாரம் வரேன், அடுத்த வாரம் வரேன்னு ஒரு வருஷமா எங்க அம்மிய ஏமாத்திக்கினு இருந்தவன் அவன்" என்றார்.

அம்மியைக் கொத்துவதற்கு முன் வழக்கம்போல் கண்ணை மூடி உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்ணைவிடக் கைக்குத்தான் தெரியும். தடவிவிட்டு, "இந்த வீட்டுல எடது கைப் பழக்கம் யாருக்காவது இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"என் மருமவளுக்கு" என்றார் வீட்டுக்கார அம்மா. "ஏன், கல்லு கூட அவளப் பத்திக் கோள் சொல்லுதா?"

உள்ளேயிருந்து மருமகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த ஆராய்ச்சிப் பெண் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து தன்னோடு சுற்ற வர முடியுமா என்று கேட்டார்.

இரண்டு வாரம் அவரோடு நடந்தேன். அவரை அம்மா என்றே கூப்பிடுவேன். திருமுக்கூடல் பக்கம் வரைக்கும் ஆற்று ஓரமாகப் போவோம். மழைநீர் அரித்த பள்ளங்களில் கூழாங்கற்களுக்கு நடுவே மனிதன் உடைத்த கல்லைத் தேடுவோம். நடக்கும்போதே அவர் கதை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வருவார். மிகப் பழைய காலத்து ஜனங்கள் இந்தக் கற்களை வைத்துக்கொண்டு வேட்டையாடி, கிழங்கு தோண்டி, கிடைத்ததைத் தின்று ஊர் ஊராகத் திரிந்தவர்கள். அப்புறம் எவ்வளவோ காலம் கழித்து, யாரோ தானியத்தை விதைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்துதான் ஓரிடத்தில் தங்குவது, பானை செய்வது, கோடரியை உடைப்பதோடு விடாமல் தேய்த்து வழவழப்பாக்குவது எல்லாம்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. அதையும் சொன்னார். அவருடைய பெரிய வாத்தியார் மெட்ராஸில் இருந்தார். இந்த ஆற்றங்கரையில் திரிந்தவர்கள் இருந்திருக்கலாம், ஆனால் விதைத்து அரைத்துத் தின்று குடியிருந்த அந்தப் பழைய ஜனங்கள் இங்கே இருந்ததற்குத் தடயம் இல்லை என்பது அந்த சாரின் எண்ணம். மாசி முடிவதற்குள் ஏதாவது கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஜில்லாவுக்குப் போய் மற்றவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த இடத்தில் வேலை செய்ய வேண்டும். மூன்று வருஷ உழைப்பு வீண்.

"இன்னா கெடைச்சா அவர் ஒத்துக்குவாரு?" என்று கேட்டேன்.

"நிறைய இருக்கு. முக்கியமா, தானியம் அரைச்ச கல்."

"அது சரிங்கம்மா. சுத்திக்கினே இருக்கறவன் அம்மியத் தூக்கிக்கினா சுத்துவான்? அம்மி எங்க கெடக்குதோ அங்கதான குடும்பம் கெடக்கும்."

அவர் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை நான் எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார். என் பேச்சை ஒருவர் அனுமதி கேட்டு எழுதிக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். "அந்தம்மாவுக்கு வெயில்ல இன்னாவோ ஆயிடுச்சு" என்றாள் அவள்.

கல் கிடைத்தது அதற்கு நான்கைந்து நாள் கழித்து. ஊருக்கு வெளியே ஒரு மேடு. செங்கல் அறுக்க அதன் ஒரு பக்கத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டின இடத்தில் சாம்பல் நிற மண் ஒரு பட்டையாகத் தெரிந்தது. சக்கரம் இல்லாமல் கையாலேயே பிடித்துச் செய்த மாதிரி கரடுமுரடான பானை ஓடுகள் அதில் இருந்தன. அம்மா அவற்றைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் கொஞ்சம் தள்ளி, அதே பட்டையில் ஒரு கல்லின் விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மண்ணைத் துடைத்துவிட்டு விளிம்பைத் தொட்டதும் தெரிந்துவிட்டது.

"அம்மிங்கம்மா. கவுந்து கெடக்குது."

அவர் ஓடிவந்தார். தொடவில்லை. அளந்தார், படம் வரைந்தார், கேமராவால் நாலு பக்கமும் எடுத்தார். அதோடு பிலிம் தீர்ந்துபோனது. அதற்குள் பொழுதும் இறங்கிவிட்டது. கல்லை அப்படியே விட்டால் செங்கல்காரர்கள் காலையில் உடைத்துவிடுவார்கள் என்று பயந்து, வீட்டுக்காரரின் மாட்டு வண்டியை வரவழைத்தோம். கல்லைத் திருப்பியபோதுதான் முகத்தைப் பார்த்தோம். சின்ன ஓடம் மாதிரி நடுவில் பள்ளம். அவ்வளவு வழவழப்பு. எவ்வளவு காலம், எத்தனை கைகள் அரைத்திருந்தால் அப்படித் தேயும் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

கல்லை மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் கோணிப்பை மேல் இறக்கினோம். மறுநாள் காலை பஸ்ஸில் அவர் காஞ்சிபுரம் போகவேண்டியிருந்தது. பிலிம் வாங்க வேண்டும். தபாலாபீஸிலிருந்து சாருக்கு டிரங்க் கால் போட்டு வரச்சொல்ல வேண்டும். கிளம்பும்போது என்னிடம், "சார் வந்து இந்தக் கல்லைப் பாக்கப்போறார் மேஸ்திரி. நீங்கதான் பத்திரமாப் பாத்துக்கணும்" என்றார்.

"கழுவி வெக்கட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது."

பஸ் வந்துவிட்டது. அவர் ஓடிப் போய் ஏறினார்.

நான் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோழி வந்தால் விரட்டினேன். மாட்டைத் தள்ளிக் கட்டினேன். உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க அந்தக் கல் என்னை உறுத்த ஆரம்பித்தது. மெட்ராஸிலிருந்து பெரிய வாத்தியார் வருகிறார், இந்தக் கல்லைத்தான் பார்க்கப் போகிறார். அதுவோ கண்ணாடி மாதிரித் தேய்ந்து கிடக்கிறது. ஒரு பிடி கேழ்வரகைப் போட்டால்கூட நிற்காது. இது அம்மியே இல்லை என்று அவர் சொல்லிவிட்டால்? எங்கள் தொழிலில் தேய்ந்த கல்லை அப்படியே ஒரு பெண்பிள்ளையிடம் கொடுப்பது கேவலம். என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டவருக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதானே என்று தோன்றியது.

கண்ணை மூடி, உள்ளங்கையால் அந்தப் பள்ளத்தை ஒருமுறை முழுக்கத் தடவினேன். பிறகு உளியை எடுத்தேன்.

சாதாரணமாகத் தூள் பறக்காமல் இருக்கக் கல்மேல் தண்ணீர் தெளித்துக் கொத்துவோம். அன்று தெளிக்கவில்லை. ஒரு சொட்டு படக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தும்மிக்கொண்டே கொத்தினேன். காலையில் ஆரம்பித்தது, மத்தியானம் தாண்டியும் விடவில்லை. என் கையால் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சீராக ஒரு கல்லைக் கொத்தியதில்லை. வெள்ளைவெளேரென்று புள்ளிகள், வரிசை பிசகாமல், நெல் தூவினது போல. வீட்டுக்கார அம்மா மாட்டுக்குத் தவிடு வைக்க வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "அழகா இருக்குதுபா. இதுல அரைச்சா சட்னி வெண்ணெயா வரும்" என்றார்.

நாலு மணி பஸ்ஸில் அம்மா வந்தார். சிரித்த முகமாக வந்தார். சார் நாளை மறுநாள் வருகிறார் என்று தெருவிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். நான் கோணிப்பையை விலக்கிக் காட்டினேன். "ஒரு சொட்டுத் தண்ணி படல்லம்மா" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

அவர் கல்லைப் பார்த்தார். கையிலிருந்த பிலிம் டப்பா கீழே விழுந்தது. எடுக்கவில்லை. மெதுவாக மண்டியிட்டு அந்தப் புள்ளிகள்மேல் விரல் நுனியை வைத்தார். என்னைத் திட்டுவார் என்று கூட எனக்குத் தோன்றவில்லை, அப்படி எதைத் தேடுகிறார் என்றுதான் புரியவில்லை.

கடைசியில் சொன்னார்: "மேஸ்திரி, அந்தத் தேய்மானத்தைத்தான் சார் பாக்க வரார்."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. எந்தப் பக்கமாக அரைத்தார்கள், எதை அரைத்தார்கள், எவ்வளவு காலம் அரைத்தார்கள் என்பதெல்லாம் அந்த வழவழப்பில்தான் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குச் சொல்வதுபோல இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. கல் முகத்தைப் படமும் எடுக்கவில்லை, வரையவும் இல்லை. நாளைக்கு எடுக்கலாம் என்றிருந்தார்.

எனக்குக் காதில் ஒன்றும் விழாமல் போனது. அம்மியின் தேய்மானம் பார்த்து ஆளைச் சொல்கிறவன் நான். அந்த வீட்டு மருமகளின் இடது கையைக் கல்லில் கண்டுபிடித்தவன் நான். எனக்கா இது தெரியாமல் போயிற்று? தெரியாமல் இல்லை. தேய்மானம் என்றால் போக்க வேண்டியது என்றே கை பழகிப் போயிருந்தது. அதை வைத்துக்கொள்ள ஒருவர் ஆசைப்படுவார் என்று யோசிக்கவே தெரியவில்லை.

அம்மா எழுந்து கேணியடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். அப்புறம் அங்கேயே, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் கொட்டகை மூலையில் நின்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். சூரியன் இறங்கின பிறகு ஒரு பருக்கையும் வாயில் வைக்கமாட்டார்கள். அவர்கள் மதத்தில் அது கண்டிப்பு. வீட்டுக்கார அம்மா வந்து கூப்பிட்டார். அம்மா பசியில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரரே வந்தார். அதற்கும் அதே பதில். தென்னை நிழல் சுவர் தாண்டி நீண்டுகொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இதோ பாருமா. தங்கின பொண்ணப் பட்டினி போட்டுட்டு நாங்க எல போட்டுச் சாப்பிட முடியாது. பொழுது போனாலும் சாப்பிட முடியாது. எட்டுப் பேரு உள்ள ஒக்காந்துக்கினு இருக்கறாங்க. எங்க மாமனாருக்கு எழுபது வயசு. உன் கல்லுக்காக அவர ராத்திரி பூரா பட்டினியில போடணுமா, சொல்லு."

அம்மா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி நடந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் வாங்க மேஸ்திரி. நீங்களும் காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

நான் போனேன். என்ன பரிமாறினார்கள் என்று நினைவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து இலை போட்டார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் என் பக்கம் மோரை நகர்த்தி வைத்தார். என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு அந்தச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் காலை போவதா வேண்டாமா என்று படுக்கையிலேயே கிடந்தேன். என் மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்தது. "மூஞ்சியக் காட்டாம இருந்துட்டா ஒடைஞ்சது ஒட்டிக்குமா? போய் இன்னா வேலை இருக்குதோ அதச் செய்" என்று சைக்கிளை அவளே வெளியே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அங்கே போனதும், வாய் குழறுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். "அம்மா, உளி வெக்கறதுக்கு முன்ன நான் கையால தடவினேன். கண்ணால பாத்தது மறந்துடும், கை தொட்டது எனக்கு மறக்காது. அது எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். எழுதிக்கங்க."

அவர் நோட்டை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையை நகர்த்தினேன். கிட்டத்து முனையில் பள்ளம் குறைவு, தள்ளிப் போகப் போக ஆழம், அப்புறம் மறுபடி மேலே ஏறுகிறது. சுற்றிச் சுற்றி அரைத்த தேய்மானம் இல்லை, முன்னும் பின்னும் நீளமாகத் தள்ளி அரைத்தது. மண்டி போட்டு, உடம்பு பாரம் முழுக்கக் குழவியில் வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். பெரும்பாலும் வலது பக்கம் பாரம் அதிகம். ஆனால் அதற்குக் குறுக்கே, லேசாக, இன்னொரு சரிவு. வேறு ஒரு கை. சின்ன ஆள், அல்லது பலம் குறைந்த ஆள். ஒரு கல்லில் இரண்டு பேர் அரைத்திருக்கிறார்கள்.

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நடுநடுவே கேள்வி கேட்டார். நான் தெரிந்ததைத் தெரியும் என்றேன், தெரியாததைத் தெரியாது என்றேன். பேச்சுவாக்கில், "ஓரம் எப்படியோ அப்படியேதான் கெடக்குது, அதுல நான் கை வெக்கல" என்றேன்.

பேனா நின்றது. "எந்த ஓரம்?"

"சுத்தியும் ஒரு விரக்கடை. ஓரத்துல உளி வெச்சா கல்லு பொரிஞ்சிடும்மா. விட்டுட்டுத்தான் கொத்துவோம். எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான்."

அவர் எழுந்த வேகத்தில் நோட்டு கீழே விழுந்தது. கொட்டகைக்கு ஓடினார். முந்தின நாள் கல் முழுக்க வெள்ளைத் தூள் அப்பிக் கிடந்ததால் ஓரம் கண்ணில் படவில்லை. வாயால் ஊதினார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். பள்ளம் ஓரம் வரைக்கும் ஏறி வந்திருந்த தூரத்து முனையில், ஒரு விரல் அகலத்துக்குப் பழைய வழவழப்பு அப்படியே இருந்தது. நீளவாக்கில் மெல்லிய கோடுகள், தள்ளித் தள்ளி அரைத்த தடம். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது புடவை முழுக்கச் சாணம்.

சொன்னபடி மறுநாள் சார் வந்தார். வழுக்கைத் தலை, கனமான கண்ணாடி. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் கல்லைப் பார்த்ததும் முகம் மாறியது தெரிந்தது. இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பிறகு தமிழில், "யார் இந்த வேலையைப் பண்ணினது?" என்றார்.

"என் தப்பு சார்" என்றார் அம்மா. "நான் சரியா சொல்லிட்டுப் போகல."

அதைக் கேட்டுக்கொண்டு வைக்கோலுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். "அவங்க சரியாத்தான் சொன்னாங்க சார். நான்தான் கொத்தினேன். தேஞ்சு கெடந்துச்சு, நீங்க பாக்க வர்ற கல்லாச்சேன்னு கொத்திட்டேன்" என்றேன். முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம் நான் அவ்வளவு வார்த்தை பேசியதில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மா ஓரத்தைக் காட்டினார். சார் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு பானை ஓடுகளைப் பார்த்தார், மேட்டுக்குப் போய் சாம்பல் பட்டையைப் பார்த்தார். திரும்பி வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "இந்த ஓரம் இல்லேன்னா இதை இப்ப இருக்கற யார் வீட்டு அம்மின்னு வேணாலும் சொல்லிடலாம். இது மட்டும் போதாது. ஆனா அந்த மேட்டை விட்டுட்டுப் போக முடியாது. சித்திரை வரைக்கும் தோண்டு."

அம்மா நோட்டைக் காட்டி நான் சொன்னதைச் சொன்னார். அவர் தலையாட்டினார், ஒத்துக்கொள்கிற தலையாட்டல் இல்லை. "கை சொன்னதை நான் சாட்சியா எடுத்துக்க முடியாதும்மா."

"தெரியும் சார். ஆனா எழுதி வெப்பேன்."

"எழுதிக்கோ" என்றார் அவர். ஜீப்பில் ஏறும் முன் என்னிடம் வந்து, "அடுத்த கல் கிடைச்சா தூரமா உக்காருங்க மேஸ்திரி" என்றார். அவருக்கும் நான் மேஸ்திரி ஆகிவிட்டேன்.

சித்திரை வரை அந்த மேட்டில் நானும் மண் அள்ளினேன். தேய்த்த கோடரி ஒன்றும், ஓடுகள் நிறையவும் கிடைத்தன. கடைசி நாள் கல்லை மரப்பெட்டியில் வைத்து வைக்கோல் திணித்தோம். அதோடு போகிற சீட்டை அம்மா எனக்காகத் தமிழில் படித்துக் காட்டினார். மேல்பரப்பு பிற்பாடு கொத்தப்பட்டது, அதற்கு முன் இருந்த நிலை கொத்தியவர் சொன்னபடி தனியே எழுதப்பட்டுள்ளது என்று இருந்தது.

"தப்பாக் கொத்திட்டான்னு போடலியேம்மா" என்றேன்.

"நடந்ததை மட்டும் எழுதினாப் போதும்" என்றார்.

பெட்டி மெட்ராஸுக்குப் போனது. இரண்டு பொங்கலுக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. அப்புறம் வடக்கே எங்கேயோ வேலை கிடைத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். நானும் கடிதம் எழுதக் கூச்சப்பட்டே விட்டுவிட்டேன். இப்போது எந்த வீட்டில் எந்தக் கல்லைக் கொடுத்தாலும், "கொத்தட்டுங்களா?" என்று ஒருமுறை கேட்காமல் நான் உளியை எடுப்பதில்லை. 'கூப்பிட்டதே அதுக்குத்தானேபா' என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கல்லில் அரைத்த இரண்டு பேர் யார், தாயும் மகளுமா, அக்கா தங்கையா, யாருக்கும் தெரியாது. அவர்கள் முட்டி தேய அரைத்து உண்டாக்கின பள்ளத்தைக் கடைசியாகத் தொட்டது என் கை. அதை இல்லாமல் ஆக்கினதும் இந்தக் கைதான். சில நாள் வேலை முடிந்து கையைக் கழுவும்போது அந்தச் சரிவு உள்ளங்கையில் ஓடுவதுபோல இருக்கும். அப்போது கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வேன். அவர்கள் இரண்டு பேரும் இருக்க இனி வேறு இடம் இல்லையே.